அழிக்கப்பட்ட உருவங்களும் அழியாத கைகளும்: இரவென்னா ஆலயங்கள் உணர்த்தும் திருச்சபை வரலாறு

திருச்சபை வரலாற்றைப் பயில்வோர் யாவரும் நிக்கேயா சங்கத்தை அறிவர். குமாரன் படைக்கப்பட்டவர் என்றும், அவர் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு என்றும் போதித்தவர் அலெக்சாந்திரியா மூப்பராகிய ஆரியுஸ். 325ஆம் ஆண்டில் கூடிய அச்சங்கம் அவரது போதனையைத் தள்ளி, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என அறிக்கையிட்டது. 381இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கம் அவ்வறிக்கையை உறுதிப்படுத்தியது. நம் வகுப்புகளில் ஆரியுசியம் பற்றிய பாடம் பெரும்பாலும் இவ்விடத்தில் முடிவுறுகின்றது. (ஆரியுசியர் என நாம் ஈண்டுக் குறிப்பது ஆரியுசின் பெயரால் அழைக்கப்பட்ட கொள்கையினரை, ஆரியர் என்னும் இனப்பெயரோடு இச்சொல்லுக்குத் தொடர்பில்லை.)

ஆனால் வரலாற்றில் அது அவ்விடத்தில் முடிவுறவில்லை. உரோமப் பேரரசின் எல்லைகளைக் கடந்து வந்த கோத்தியர், வந்தாலியர் முதலிய மக்கள் கிறிஸ்துவை ஏற்றபோது, ஆரியுசியம் என அழைக்கப்பட்ட நெறியின் வழியாகவே ஏற்றனர். சங்கம் தள்ளிய கொள்கையை உடைய அம்மக்கள் எங்கே வழிபட்டனர்? எவ்வாறு திருமுழுக்குக் கொடுத்தனர்? எம்மறைநூலை வாசித்தனர்? அவர்கள் தோற்றபின் அவர்தம் ஆலயங்கள் என்னவாயின? வட இத்தாலியில், அட்ரியாட்டிக் கடலோரமாய் அமைந்த இரவென்னா மாவட்டத்தின் பழம்பெரும் கத்தோலிக்க ஆலயங்கள் இவ்வினாக்களுக்குக் கல்லாலும் கண்ணாடியாலும் விடை கூறுகின்றன. இத்தாலிக்குச் செல்லும் நம்மவர் உரோமையையும் அசிசியையும் காணாது திரும்புவதில்லை. இரவென்னாவுக்குச் செல்வோரோ சிலரே. இறையியல் பயில்வோர்க்கு இந்நகர் எத்துணைப் பயனுடையது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆலயச் சுவரில் உருவங்கள் வரைவதைப் பற்றிச் சீர்திருத்தத் திருச்சபைகளின் மரபில் வந்த நமக்குத் தயக்கங்கள் உண்டு. அவற்றை ஈண்டு விவாதிக்கப் புகவில்லை. இவ்வோவியங்களை அக்காலத் திருச்சபை எழுதிவைத்த ஆவணங்களாகவே நாம் வாசிக்க முற்படுகின்றோம்.

1. சதுப்பு நிலத்துத் தலைநகர்

402ஆம் ஆண்டில் மேற்கு உரோமப் பேரரசன் ஒனோரியஸ் தன் அரசிருக்கையை மிலானிலிருந்து இரவென்னாவுக்கு மாற்றினான். சுற்றிலும் சதுப்பு நிலம். அருகே கிளாசே என்னும் துறைமுகம். பகைவர் எளிதில் நெருங்க இயலாது. கடல் வழியே உதவியும் உணவும் வந்து சேரும். 476இல் மேற்குப் பேரரசு வீழ்ந்தபோது ஒடோவாக்கர் இந்நகரிலிருந்தே ஆண்டான். 493இல் கிழக்குக் கோத்தியரின் அரசன் தெயோதோரிக் இதனைக் கைப்பற்றினான். 540இல் பேரரசன் யுஸ்தீனியனின் படைத்தலைவன் பெலிசாரியஸ் இதனுள் புகுந்தான். பின்னர் 751இல் லொம்பார்தியர் கைப்பற்றும்வரை இந்நகர் கொன்ஸ்தாந்திநோபிளின் ஆளுகையில் இருந்தது.

ஆகவே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் நிக்கேயா அறிக்கையை ஏற்ற பேரரசு, ஆரியுசியக் கோத்தியர் அரசு, மீண்டும் நிக்கேயாவை ஏற்ற பேரரசு என மாறி மாறி ஆட்சிகள் எழுந்தன. ஒவ்வோர் ஆட்சியும் ஆலயம் எழுப்பியது. அவற்றுள் பல இன்றும் நிற்பதே இந்நகரின் தனிச்சிறப்பு. 1996இல் யுனெஸ்கோ நிறுவனம் இங்குள்ள எட்டுக் கட்டடங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது.

இவற்றுள் காலத்தால் மிகவும் முற்பட்டவற்றுள் ஒன்று, ஒனோரியசின் உடன்பிறந்தாளாகிய கல்லா பிளசிடியாவின் பெயரால் வழங்கும் சிறு கல்லறை மண்டபம். புறத்தே வெறுஞ்செங்கல், எவ்வித அலங்காரமும் இல்லை. உட்புகுந்தாலோ ஆழ்ந்த நீல விதானம்; அதில் பொன் விண்மீன்கள். சிறு சிறு வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் சாந்தில் பதித்து உருவாக்கும் மொசைக் கலை இந்நகரில் அடைந்த உயர்வை இங்கேயே காணலாம். வாயிலின் மேல் நல்ல மேய்ப்பர் ஆடுகளின் நடுவே அமர்ந்திருக்கின்றார், தாடியற்ற இளமுகம். பக்கச் சுவரில் நீரோடையை நாடும் மான்கள், 42ஆம் சங்கீதத்தின் நினைவாக. எதிரே இரும்புக் கட்டிலில் தீ எரிய, சிலுவை ஏந்தி விரையும் மறைசாட்சி. அவரருகே திறந்த பேழையில் நான்கு சுவிசேஷ நூல்கள். சாவின் இருப்பிடத்தில் சுவிசேஷ நூல்களை வைத்த அக்காலத்தவரின் நம்பிக்கை நம் சிந்தைக்குரியது.

2. இரு திருமுழுக்கு மண்டபங்கள்

இரவென்னாவில் திருமுழுக்குக்கென எழுப்பப்பட்ட பழைய மண்டபங்கள் இரண்டு உள. இரண்டும் எண்கோண வடிவின. முதலாவது, பேராலயத்தின் அருகே ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்து, அந்நூற்றாண்டின் நடுவில் ஆயர் நேயோன் காலத்தில் அழகுபடுத்தப்பட்டது. இது நிக்கேயாவை ஏற்றோரின் மண்டபம். மற்றொன்று தெயோதோரிக்கின் ஆட்சியில் கோத்தியரின் பேராலயத்தருகே கட்டப்பட்டது. இது ஆரியுசியரின் மண்டபம். ஒரே நகரில், சிறிது தொலைவில், இரு சபையார் இரு தொட்டிகளில் திருமுழுக்குக் கொடுத்தனர். நிலம் தாழ்ந்துகொண்டே சென்றமையால் இரு மண்டபங்களின் பழைய தளங்களும் இன்றைய தெருமட்டத்திற்குக் கீழே உள்ளன.

இரண்டிலும் விதானத்தின் நடுவே காணப்படும் காட்சி ஒன்றே: யோர்தானில் இயேசுவின் திருமுழுக்கு. இரண்டிலும் இயேசு நீரில் நிற்கின்றார். யோவான் அருகே நிற்கின்றார். புறா மேலிருந்து இறங்குகின்றது. யோர்தான் நதி ஒரு முதியவர் வடிவில் உடனிருக்கின்றது. இரண்டிலும் பன்னிரு அப்போஸ்தலர் நடுக்காட்சியைச் சுற்றி வரிசையாகச் செல்கின்றனர். ஆரியுசிய மண்டபத்தில் அவர்கள் ஓர் அரியணையை நோக்கிச் செல்கின்றனர். அவ்வரியணையில் அமர்ந்தவர் எவருமிலர். சிலுவை ஒன்றே அதன்மீது நிற்கின்றது. அதன் ஒருபுறம் திறவுகோல்களுடன் பேதுரு, மறுபுறம் சுருள்களுடன் பவுல்.

ஆரியுசிய மண்டபத்தில் இயேசு தாடியற்ற இளைஞராகக் காணப்படுகின்றார். குமாரன் பிதாவினும் தாழ்ந்தவர் என்னும் கொள்கையே இவ்வுருவில் வெளிப்படுகின்றது எனச் சிலர் விளக்கியதுண்டு. ஆயினும் இவ்விளக்கம் ஏற்புடைத்தாகத் தோன்றவில்லை. கல்லா பிளசிடியா மண்டபத்து நல்ல மேய்ப்பரும் தாடியற்றவரே. கோத்தியர் வீழ்ந்தபின் 547இல் அருட்பொழிவு பெற்ற புனித வித்தாலிஸ் ஆலயத்தின் நடுவிடத்தில் உலக உருண்டையின்மேல் வீற்றிருக்கும் கிறிஸ்துவும் தாடியற்றவரே. எனவே ஓவியத்தை மட்டும் கொண்டு இவர் இன்ன கொள்கையினர் எனத் தீர்ப்பது அரிது.

இதிலிருந்து நாம் உணர வேண்டியது யாது? வேறுபாடு சிறிதென்று கூறலாகாது. படைக்கப்பட்ட ஒருவர் நம்மைப் படைத்தவரோடு ஒப்புரவாக்க இயலாது என்னும் அத்தனாசியுவின் வாதம் இன்றளவும் அசைக்கப்படவில்லை. ஆனால் அவ்வேறுபாடு வழிபடுவோரின் கண்முன் எப்போதும் நின்றதன்று. அருகருகே வாழ்ந்த இரு சபையாரும் ஒரே சுவிசேஷக் காட்சியைப் பார்த்தே தம் பிள்ளைகளைத் தொட்டிக்குக் கொணர்ந்தனர்.

3. கோத்திய அரசனும் கோத்திய மறைநூலும்

கோத்தியர் தம்மை ஆரியுசியர் என்று அழைத்துக்கொள்ளவில்லை. அவர்களது அறிக்கை, 360இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கத்தின் வழி வந்தது. குமாரன் திருமறை கூறுமாறு பிதாவுக்கு ஒப்பானவர் என்பதோடு அது நிறுத்திக்கொண்டது. தன்மை என்னும் சொல் திருமறையில் இல்லையென அதனை விலக்கியது. அச்சங்கத்தில் கலந்துகொண்ட ஆயருள் ஒருவர் உல்பிலா. அவரே கோத்திய மொழிக்கு எழுத்தமைத்துத் திருமறையை அதில் மொழிபெயர்த்தவர். போரில் நாட்டமுடைய தம் மக்களுக்கு மேலும் போர்வேட்கை எழலாகாது எனக் கருதி இராஜாக்களின் புத்தகங்களை அவர் மொழிபெயர்க்காமல் விடுத்தார் எனப் பண்டைய வரலாற்றாசிரியர் பிலஸ்தோர்கியுஸ் கூறுவார். மக்களின் மொழியில் மறைநூலைத் தந்த முன்னோடிகளுள் ஒருவர், சங்கங்கள் ஏற்காத கொள்கையை உடையவராயிருந்தார் என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

அவரது மொழிபெயர்ப்பின் மிகச் சிறந்த படியொன்று இன்று சுவீடன் நாட்டு உப்சாலாவில் உள்ளது. ஊதா நிறத் தோலில் வெள்ளி, பொன் மைகளால் நான்கு சுவிசேஷங்களும் எழுதப்பட்ட நூல் அது. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெயோதோரிக்கின் அவையினர்க்காக இரவென்னாவில் எழுதப்பட்டதென அறிஞர் கருதுவர். முதலில் இருந்த 336 ஏடுகளுள் 187 உப்சாலாவில் எஞ்சியுள்ளன. மற்றோர் ஏடு 1970இல் ஜெர்மனியின் ஸ்பயர் பேராலயத்தில் கண்டெடுக்கப்பட்டது.

தெயோதோரிக் இளமையில் கொன்ஸ்தாந்திநோபிளில் பிணையாளாக வளர்ந்தவன். அவன் தாய் கத்தோலிக்க நெறியைத் தழுவியவள். அவனது ஆட்சியில் நிக்கேயா நெறியினரான ஆயர்கள் தம் பணியைத் தொடர்ந்தனர். ஆயர் இரண்டாம் பேதுரு தம் இல்லத்தில் அமைத்த சிற்றாலயம் இன்றும் உள்ளது. அதன் முன்மண்டபத்தில் கிறிஸ்து போர்வீரர் உடையில் சிங்கத்தையும் பாம்பையும் மிதித்து நிற்கின்றார் (சங்கீதம் 91:13). அவர் கையிலுள்ள திறந்த நூல், அவரே வழியும் சத்தியமும் ஜீவனும் எனச் சாற்றுகின்றது (யோவான் 14:6). ஆரியுசிய அரசனின் தலைநகரிலேயே நிக்கேயா நெறியின் ஆயர் இதனை வரைவிக்க முடிந்தது.

செனோவா நகர யூதர்க்குத் தன் செயலர் கசியோதோருஸ் வாயிலாக அவன் விடுத்த மடலில், ஒருவரையும் அவர் விருப்பத்திற்கு மாறாக நம்பச் செய்ய இயலாதாதலால், சமயத்தைக் கட்டளையால் விதிக்க முடியாது என்னும் கருத்து காணப்படுகின்றது. இரவென்னாவில் யூதரின் ஜெபாலயங்கள் எரிக்கப்பட்டபோது, நகரத்தார் தம் செலவில் அவற்றைக் கட்டித்தர வேண்டுமென அவன் ஆணையிட்டான்.

ஆனால் இவனை மிகைப்படப் புகழ்தலும் ஆகாது. 493இல் ஒடோவாக்கரோடு உடன்படிக்கை செய்து, பின்னர் விருந்தொன்றில் தன் கையாலேயே அவனைக் கொன்றவன் இவன். கிழக்குப் பேரரசன் யுஸ்தின் ஆரியுசியரை ஒடுக்கத் தொடங்கியபோது, தெயோதோரிக் உரோமைத் திருத்தந்தை முதலாம் யோவானைக் கொன்ஸ்தாந்திநோபிளுக்குத் தூதனுப்பினான். அவர் திரும்பியதும் சிறையிலிட்டான். 526இல் அவர் இரவென்னாவில் காவலிலேயே மாண்டார். மெய்யியலாளர் போயேத்தியஸ் அதற்குச் சிறிது முன்பு இவன் ஆணையால் கொலையுண்டார். ஐயம் புகுந்தபின் அரசனின் பொறுமை நிலைக்கவில்லை. 526இல் அவனும் மறைந்தான்.

4. தூண்களின்மேல் கைகள்

தெயோதோரிக் தன் அரண்மனையையொட்டி எழுப்பிய ஆலயம் இன்று புதிய புனித அப்பொல்லினாரிஸ் பேராலயம் என வழங்குகின்றது. அரசன் அதனை மீட்பராகிய கிறிஸ்துவின் பெயரால் அமைத்தான். இருபுறச் சுவர்களிலும் மூன்று அடுக்குகளில் மொசைக் ஓவியங்கள் உள்ளன. மேலடுக்கில் ஒரு புறத்திற்குப் பதின்மூன்றாக 26 காட்சிகள். ஒருபுறம் ஆண்டவரின் அற்புதங்களும் போதனைகளும்: லாசரு, சமாரியப் பெண், ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கை, பரிசேயனும் ஆயக்காரனும், செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் பிரித்தல். மறுபுறம் பாடுகளும் உயிர்த்தெழுதலும்: இராப்போஜனம் முதல் தோமாவின் ஐயம் நீங்குதல் வரை. சிலுவையிலறையப்படும் காட்சி மட்டும் இல்லை. சிலுவைப் பாதையை அடுத்துக் கல்லறையருகே பெண்கள் நிற்கின்றனர்.

ஆரியுசிய அரசனின் ஆலயத்தில் இக்காட்சி வரிசை தோமாவோடு நிறைவுறுவது கருதத்தக்கது. உயிர்த்த இயேசுவை ஆண்டவரென்றும் தேவனென்றும் அறிக்கையிட்டவரன்றோ தோமா (யோவான் 20:28)! கோத்தியரும் குமாரனைத் தேவன் என அழைக்கத் தயங்கவில்லை. ஆனால் பிதாவுக்குக் கீழ்ப்பட்டவராகவே அவரைக் கருதினர். இம்மேலடுக்கை வென்றோர் தொடவில்லை. தோற்றவர்கள் வரைந்த சுவிசேஷம் அப்படியே நின்றது.

கீழடுக்கின் நிலை வேறு. யுஸ்தீனியன் ஆரியுசியரின் ஆலயங்களையும் உடைமைகளையும் கத்தோலிக்கத் திருச்சபைக்கு வழங்கினான். 561ஆம் ஆண்டளவில் பேராயர் அக்னெல்லுஸ் இவ்வாலயத்தை மீண்டும் அருட்பொழிவு செய்து, ஆரியுசியரை எதிர்த்துப் போராடிய தூர் நகர் மார்ட்டினின் பெயரை இட்டார். (அப்பொல்லினாரிசின் பெயர், அவர்தம் திருப்பண்டங்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் இங்குக் கொணரப்பட்டபின் வந்தது.) அப்போது கீழடுக்கின் பெரும்பகுதி மாற்றப்பட்டது. இன்று ஒருபுறம் 22 கன்னியர், ஞானியர் மூவரைப் பின்தொடர்ந்து மரியாளிடமும் குழந்தையிடமும் செல்கின்றனர். மறுபுறம் மார்ட்டின் முதல்வராக மறைசாட்சியர் அணி கிறிஸ்துவின் அரியணையை நோக்கிச் செல்கின்றது.

இவ்வணிகள் புறப்படும் இடங்களில் இரு பழைய ஓவியங்கள் விடப்பட்டன. ஒன்று கிளாசே துறைமுகம், மற்றொன்று அரண்மனை. பலாத்தியம், அதாவது அரண்மனை, என இலத்தீனில் அதன்மேல் எழுதப்பட்டுள்ளது. அதன் தூண்களுக்கிடையே முன்னர் மனித உருவங்கள் நின்றன. அரசனும் அவன் அவையினருமாக அவர்கள் இருக்கலாம். அவ்வுருவங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, அவ்விடங்களில் வெண்திரைகள் தொங்குவதாகப் புதிதாகப் பதிக்கப்பட்டன. ஆனால் தூண்களைக் கடந்து நீண்டிருந்த கைகள் சிலவற்றை அகற்றவில்லை. இன்றும் வெண்தூணின் குறுக்கே விரல்களும், முன்கையும் தெரிகின்றன. உடலில்லை, முகமில்லை, கை மட்டும் உள்ளது.

ஈண்டு ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஆரியுசிய அரசன் வரைவித்த கிறிஸ்துவின் உருவங்களில் கைவைக்காதவர்கள், அரசனின் உருவத்தையும் அவன் மக்களின் உருவங்களையும் அகற்றினர். கொள்கைத் தூய்மையே நோக்கமெனின், ஆராயப்பட வேண்டியவை கிறிஸ்துவைப் பற்றிய காட்சிகளன்றோ? அகற்றப்பட்டது ஓர் ஆட்சியின் நினைவு. ஒரு மக்களினத்தின் நினைவு.

5. கடனுக்கு விற்ற நிலம்

யுஸ்தீனியன் கோத்தியர்மீது தொடுத்த போர் 535இல் தொடங்கி 554வரை நீண்டது. இத்தாலி நாடே பாழாயிற்று. அப்போரின் இறுதி ஆண்டுகளில், 551இல், இரவென்னாவில் எழுதப்பட்ட நாணற்புல் ஏட்டு ஆவணம் ஒன்று நேப்பிள்சில் பாதுகாக்கப்பட்டுள்ளது. கோத்தியர் நெறியைச் சார்ந்த அனஸ்தாசியா ஆலயத்தின் குருமாரும் பணியாளரும் எழுதிக்கொடுத்த விற்பனைப் பத்திரம் அது. அவர்கள் விற்றது சதுப்பு நிலம். விலை 180 பொற்காசுகள். அவற்றுள் 120 காசுகள் ஏற்கெனவே பட்ட கடனுக்கு ஈடாயின. கைக்கு வந்தவை 60 காசுகளே. பத்திரத்தில் சிலர் இலத்தீனிலும் சிலர் கோத்திய மொழியிலும் கையொப்பமிட்டுள்ளனர்.

ஒரு சபையின் இறுதிக் காலத்தை இப்பத்திரத்தில் நாம் காண்கின்றோம். சங்கங்களின் தீர்ப்பை விவாதிக்கும் இறையியலாளர்களை இங்கே காணவில்லை. கடன்பட்டு, சபைச் சொத்தை விற்று, தம் தாய்மொழியில் ஒப்பமிடும் ஊழியர்களையே காண்கின்றோம். சபைக் கணக்குகளோடு போராடும் எந்த ஆயர்க்கும் இவர்கள் அந்நியரல்லர். பத்தாண்டுகளுக்குப்பின் அவர்களது ஆலயங்கள் யாவும் கைமாறின. ஆரியுசியத் திருமுழுக்கு மண்டபம் மரியாளின் பெயரால் சிற்றாலயமாயிற்று. கோத்திய மொழியும் இத்தாலியில் மறைந்தது.

அவர்தம் நூல்களுக்கு நேர்ந்ததும் ஆலயச் சுவருக்கு நேர்ந்ததையே ஒத்தது. வட இத்தாலியின் பொப்பியோ துறவிமடத்தில் கோத்திய மறைநூல் ஏடுகளைச் சுரண்டி, அவற்றின்மேல் வேறு இலத்தீன் நூல்களை எழுதினர். 1817இல் அஞ்செலோ மாய் என்னும் அறிஞர் மிலான் நூலகத்தில், மேலெழுத்தின் அடியில் கோத்திய எழுத்துகள் மங்கலாய்த் தெரிவதைக் கண்டார். பவுலின் நிருபங்களுள் பல பகுதிகள் கோத்திய மொழியில் நமக்குக் கிடைப்பது இவ்வழியே. சுரண்டியவர் கத்தி, எழுத்தை முற்றிலும் அழிக்க இயலவில்லை.

6. வென்றோர் எழுப்பியவை

புனித வித்தாலிஸ் ஆலயம் கோத்தியர் ஆட்சியிலேயே ஆயர் எக்லேசியுஸ் காலத்தில் தொடங்கப்பட்டது. பெலிசாரியஸ் நகரைக் கைப்பற்றியபின் 547இல் பேராயர் மாக்சிமியானுஸ் அதனை அருட்பொழிவு செய்தார். எண்கோண வடிவான இவ்வாலயத்தின் திருமுற்றத்தில் ஆபேல், மெல்கிசேதேக்கு, ஆபிரகாமின் மூன்று விருந்தினர் ஆகியோரின் காட்சிகள் திருவிருந்தின் பொருளை விளக்குகின்றன. இறையியல் ஆழமும் அழகும் இணைந்த இடம் அது.

ஆனால் அதே திருமுற்றத்தின் இருபுறச் சுவர்களில் பேரரசன் யுஸ்தீனியனும் பேரரசி தெயோதோராவும் தத்தம் பரிவாரங்களோடு நிற்கின்றனர். அரசன் கையில் பொன்தட்டு. அரசி கையில் கிண்ணம். வீரர் கேடயத்தில் கிறிஸ்துவின் பெயர்க்குறி. அவ்விருவரும் இரவென்னாவுக்கு ஒருமுறையேனும் வந்தவரல்லர். ஓர் அரசனின் உருவத்தை ஆலயத்தினின்று அகற்றிய திருச்சபை, மற்றோர் அரசனின் உருவத்தைத் திருமேசையருகே வைத்துக்கொண்டது. உண்மையைக் காக்க அரசின் வாளை நாடும் திருச்சபை, தன் திருமுற்றத்தில் அரசுக்கு இடம் கொடுக்க நேரிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், பழைய துறைமுகம் இருந்த கிளாசேயில் மற்றோர் ஆலயம் உள்ளது. 549இல் அருட்பொழிவு பெற்ற இது, இரவென்னாவின் முதல் ஆயராகப் போற்றப்படும் அப்பொல்லினாரிசின் பெயரால் அமைந்தது. கடல் விலகிச் சென்றுவிட்டது. துறைமுகம் மண்ணுள் மறைந்தது. வயல்களின் நடுவே ஆலயம் மட்டும் நிற்கின்றது. அதன் நடுவிடத்தில் மறுரூபமலைக் காட்சி வழக்கத்திற்கு மாறான முறையில் அமைந்துள்ளது. 99 விண்மீன்கள் பொலியும் நீல வட்டத்தில் மணிகள் பதித்த பெரிய சிலுவை. அதன் மையத்தில் மிகச் சிறியதாய்க் கிறிஸ்துவின் முகம். மோசேயும் எலியாவும் மேகத்தில் தோன்ற, பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரும் மூன்று ஆடுகளாய் நிமிர்ந்து நோக்குகின்றனர். கீழே ஆயர் கைகளை விரித்து ஜெபிக்கின்றார். அவரைச் சுற்றிப் பன்னிரண்டு ஆடுகள். இங்கே நடுவிடம் எந்த அரசனுக்கும் அளிக்கப்படவில்லை. மகிமை யாவும் சிலுவைக்கே. ஆயரின் பணி மந்தையின் நடுவே நின்று ஜெபித்தல் என்பதை இதனினும் எளிமையாய்ச் சொல்ல இயலாது.

7. நாம் கற்க வேண்டியவை

2025ஆம் ஆண்டோடு நிக்கேயா சங்கத்திற்கு 1700 ஆண்டுகள் நிறைவுற்றன. அச்சங்கத்தின் அறிக்கையை நாம் திருவிருந்துதோறும் சொல்கின்றோம். குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்பதில் நமக்கு ஐயமில்லை; நம் இரட்சிப்பே அதன்மேல் நிற்கின்றது. இரவென்னாவின் கைகள் இதனைத் தளர்த்துமாறு நம்மை அழைக்கவில்லை. உண்மையை அறிக்கையிடுவோர் அவ்வுண்மைக்கு மாறானவரை எவ்வாறு நடத்த வேண்டும் என்னும் வினாவையே எழுப்புகின்றன.

இவ்வினாவிற்கு அக்காலத் திருச்சபையே ஒரு நல்விடையையும் வைத்திருந்தது. திரித்துவத்தின் பெயரால் திருமுழுக்குப் பெற்றுப் பிற கொள்கையினரிடமிருந்து வருவோருக்கு மீண்டும் திருமுழுக்குக் கொடாமல், கைகளை வைத்து ஏற்றுக்கொள்ளுமாறு 314இல் ஆர்ல் சங்கம் நெறி வகுத்தது. 601இல் உரோமைத் திருத்தந்தை மகா கிரகோரியாரும், மேற்குத் திருச்சபை ஆரியுசியரைக் கைகளை வைத்தும், கிழக்குத் திருச்சபை எண்ணெய் பூசியும் ஏற்கும் முறையைத் தம் மடலொன்றில் எடுத்துரைத்தார். ஆப்பிரிக்காவில் ஆரியுசிய வந்தால் அரசர் கத்தோலிக்கருக்கு வலிந்து மறுமுழுக்குக் கொடுத்த கொடுமைக்குப் பின்னரும் திருச்சபை இந்நெறியினின்று வழுவவில்லை என்பது வியக்கத்தக்கது. எவரது கையால் கொடுக்கப்பட்டாலும் திருமுழுக்கு கிறிஸ்துவினுடையது என்னும் உறுதியே இதற்கு அடிப்படை.

நம் சபைகளிலும் இவ்வினா எழாமலில்லை. வேறொரு சபையிலிருந்து திருமணத்தின் வாயிலாகவோ, இடமாற்றத்தாலோ நம்மிடம் வருவோரை நாம் எவ்வாறு ஏற்கின்றோம்? நம் சபையிலிருந்து பிறரிடம் சென்று மீண்டும் முழுக்குப் பெற்றுத் திரும்புவோரை எவ்வாறு நடத்துகின்றோம்? அவர்கள் முன்பிருந்த சபையைப் பற்றி நம் பிரசங்கபீடத்தில் பேசுங்கால் எச்சொற்களை ஆளுகின்றோம்? ஒருவருடைய போதனை தவறென உரைப்பது ஊழியனின் கடமை. அவர் ஆண்டவரிடம் ஜெபித்ததே இல்லை என்பதுபோல் அவரது நினைவையே துடைப்பது அக்கடமையில் அடங்காது. சபை வரலாறுகளை எழுதுங்கால், பிரிந்து சென்றோரின் பெயர்களை விடுத்து எழுதும் வழக்கமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அவ்வாறு விடுபட்ட பெயர்கள், இரவென்னாவின் திரைகளைப்போல், தாம் மறைக்க வந்ததையே காட்டிக்கொடுக்கின்றன.

திருச்சபை வரலாறு கற்பிப்போர் இப்பாடத்தை இரு பகுதிகளாக நடத்துவது நலம் என்பது நமது கருத்து. நிக்கேயா சங்கம் எதை ஏன் அறிக்கையிட்டது என்பதை முதலிலும், அவ்வறிக்கைக்கு வெளியே நின்ற மக்கள் எவ்வாறு வாழ்ந்து, வழிபட்டு, மறைந்தனர் என்பதை அடுத்தும் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டும். முதற்பகுதி இன்றி இரண்டாவது, உண்மையில் அக்கறையற்ற இரக்கமாய் முடியும். இரண்டாம் பகுதி இன்றி முதலாவது, இரக்கமற்ற உண்மையாய் முடியும். அன்போடு சத்தியத்தைக் கைக்கொள்ளுமாறு எபேசு சபைக்கு எழுதிய அப்போஸ்தலர் (எபேசியர் 4:15) இவ்விரண்டையும் பிரித்துக் காணவில்லை. தூண்களின் குறுக்கே நீண்டிருக்கும் அக்கைகள், கிறிஸ்துவை நோக்கித் தவறான சொற்களோடேனும் நீண்ட கைகள் என்பதை மறவாத ஊழியர்களே, நிக்கேயாவின் அறிக்கையை அதற்குரிய மேன்மையோடு தம் சபைகளில் சொல்லத் தகுந்தவர்.